'சர்வர் ஓடுது'ன்னு சொல்றாங்க... அப்புறம் ஏன் பாடம் திறக்கல? ஆன்லைன் கல்வித் தளங்களின் 'கன்டெய்னர்' சிக்கல் | எக்ஸ்பிளைனர்

பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ பாடம் வரும். 2018-19 கல்வியாண்டில் வந்த புதிய பாடப்புத்தகங்களில் இருந்தே தமிழக மாணவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஆனால் இதுபோன்ற கல்வித் தளங்களில் சில நேரம் பாடத்துக்குப் பதிலாக '502 பேட் கேட்வே' என்ற ஒற்றை வரி வந்து நிற்கும். தொழில்நுட்பக் குழுவைக் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் ஓடுதே" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எப்படி?

மீனவ கிராமங்களுக்கு இது ஏன் பெரிய விஷயம்?

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் என்றால், அப்பா தொழிலுக்குப் போகும்போது அதுவும் படகில் ஏறிவிடும். பிள்ளை கையில் போன் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தளம் படுத்துவிட்டால், அன்றைக்குப் பாடம் போச்சு. "அப்புறம் ட்ரை பண்ணுங்க" என்ற பதில் அங்கே செல்லாது.

கன்டெய்னர்னா என்ன?

கல்வித் தளம் என்பது ஒற்றை மென்பொருள் இல்லை. பாடம் காட்ட ஒன்று, மதிப்பெண்ணைச் சேமிக்கும் டேட்டாபேஸ் ஒன்று, தேடலுக்கு ஒன்று, வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் 'வாசல்' ஒன்று என பல மென்பொருள்கள் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அதற்குத் தேவையான சாமான்களோடு தனித்தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டுவதுதான் கன்டெய்னர் முறை. 2013-ல் வெளியான 'டாக்கர்' இதைப் பரவலாக்கியது.

2017 செப்டம்பர் 5-ல் மத்திய அரசு தொடங்கிய 'தீக்ஷா' தளம், 'சன்பேர்ட்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. ஐஐடி பாம்பே தன் ஆன்லைன் படிப்புகளுக்கு 'ஓப்பன் எட்எக்ஸ்' தளத்தைப் பயன்படுத்தியது. ஓப்பன் எட்எக்ஸை டாக்கரில் நிறுவ 'டியூட்டர்' என்ற கருவி இருக்கிறது.

ஏரியில் தண்ணி இருக்கு, ஆனா படகு போகல!

பழவேற்காடு மக்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். முகத்துவாரத்தில் மணல் மூடினால், ஏரியில் தண்ணீர் இருந்தாலும் படகு கடலுக்குப் போக முடியாது. '502' பிழையும் அப்படித்தான். உங்கள் போனில் இருந்து போன கோரிக்கை தளத்தின் வாசல் வரை சேர்ந்துவிட்டது. வாசலுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியிடம் இருந்துதான் ஒழுங்கான பதில் வரவில்லை. '504' என்றால், பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு உங்கள் போனில் இல்லை. எண் எதுவும் வராமல் 'தளத்தை அணுக முடியவில்லை' என்று மட்டும் வந்தால், முதலில் சிக்னலைப் பாருங்கள்.

எங்கெங்கே அடைக்கும்?

*மெமரி பற்றாக்குறை:* கன்டெய்னர் '137' என்ற எண்ணோடு நின்றிருந்தால், யாரோ அதை வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கிறார்கள். பல நேரம் அந்த 'யாரோ', மெமரி தீர்ந்துபோன சர்வரேதான். டியூட்டர் கேட்பது குறைந்தது 4 ஜிபி ரேம். பரிந்துரைப்பது 8 ஜிபி. செலவை மிச்சம் பிடிக்க 2 ஜிபி சர்வரில் ஏற்றினால், பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது விழுந்துவிடும்.

*முந்திக்கொள்ளும் பெட்டி:* டேட்டாபேஸ் தயாராகும் முன்பே பாடம் காட்டும் பெட்டி எழுந்து கதவைத் தட்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று லாகில் பதிவாகும். பெட்டி தொடங்கிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பதில் சொல்லும் நிலையில் இருக்கிறதா என்று கேட்கும் 'ஹெல்த் செக்' வைக்க வேண்டும்.

*நிரம்பிய டிஸ்க்:* டாக்கரின் வழக்கமான அமைப்பில் லாக் கோப்புகள் தானாகச் சுருங்காது. அவை வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் டிஸ்க் முழுதும் அடைத்துக்கொள்ளும். லாகுக்கு ஆரம்பத்திலேயே அளவு வரம்பு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அவசரத்தில் செய்யக்கூடாத 2 விஷயங்கள்

முதலாவது, "எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போடலாம்" என்ற முடிவு. கன்டெய்னரை அழித்தால் மறுபடி உருவாக்கலாம். ஆனால் மாணவர்களின் மதிப்பெண்ணும் விடைகளும் 'வால்யூம்' என்ற தனி இடத்தில் இருக்கும். அதையும் சேர்த்து அழித்தால், பேக்கப் இல்லாதவரை திரும்ப வராது. அதனால் முதலில் லாகைப் படிக்கணும், அடுத்து பேக்கப் எடுக்கணும், அதுக்கப்புறம்தான் எதிலும் கை வைக்கணும்.

இரண்டாவது, வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லாக் கதவையும் திறந்து வைப்பது. டாக்கர் வெளியே திறந்துவிடும் போர்ட், லினக்ஸின் 'யுஎஃப்டபிள்யூ' ஃபயர்வாலைத் தாண்டிப் போய்விடக்கூடும். பூட்டியதாக நினைத்த டேட்டாபேஸ் இணையத்தில் திறந்து கிடக்கும். பூட்டாத கதவு என்ன செய்யும் என்பதற்கு தீக்ஷாவே உதாரணம். அங்கே நடந்தது ஃபயர்வால் கோளாறு அல்ல. பாதுகாப்பில்லாமல் விடப்பட்ட கிளவுட் சேமிப்பகத்தால் ஆசிரியர்கள், மாணவர்களின் விவரங்கள் வெளியே தெரிந்ததாக 2023 ஜனவரியில் 'வயர்டு' இதழ் செய்தி வெளியிட்டது.

எல்லாம் பச்சை, ஆனாலும் திறக்கலையா?

அலுவலக வைஃபையில் பளிச்சென்று திறக்கும் பக்கம், ஏரிக்கரையில் ஒற்றைக் கோடு சிக்னலில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். கன்டெய்னர் ஓடுகிறது என்பதற்கு அர்த்தம், பெட்டிக்குள் மென்பொருள் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான். பாடம் பிள்ளையிடம் சேர்ந்ததா என்பதை அது சொல்லாது. குறைந்த விலை போனில், மெதுவான நெட்டில், வெளியில் இருந்து லாகின் செய்து ஒரு பாடத்தைத் திறந்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை. வீடியோவை டவுன்லோடு செய்து பிறகு பார்க்கும் வசதி இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். பராமரிப்பு வேலையை, பிள்ளைகள் கையில் போன் இருக்கும் நேரத்தில் வைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

பெற்றோர், ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

'ஓப்பன் ஆகல' என்று மட்டும் புகார் சொன்னால் யாராலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பிழை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், தேதி, சரியான நேரம், எந்த நெட்வொர்க், எந்தப் பாடம் ஆகிய ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த நேரத்தை வைத்து லாகில் தேடினால், எந்தப் பெட்டி அடைத்தது என்று பிடித்துவிடலாம். "எங்க பக்கம் ஓடுதே" என்ற பதிலையும் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.