நானூறு கிலோமீட்டர் நடந்த இசை



1705ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகர தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்த 20 வயது இளைஞர் நான்கு வாரம் விடுப்பு எடுத்தார். லூபெக் நகரில் இருந்த ஆர்கன் மேதை பூக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. 400 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை நடந்தே கடந்தார்.

நான்கு வாரம் ஏறத்தாழ நான்கு மாதமானது. திரும்பி வந்தவரைச் சபை நிர்வாகம் அழைத்து விசாரித்தது. பாடல்களுக்கு நடுவே புதுப்புதுச் சுரங்களை வாசித்துச் சபையாரைத் திணறடிக்கிறார் என்றும் குறை சொன்னது.

அந்த இளைஞர்தான் யோஹான் செபாஸ்டியன் பாக். 1723 முதல் 1750இல் மறையும் வரை, 27 ஆண்டுகள் லைப்சிக் நகரின் புனித தாமஸ் ஆலயத்தில் இசைப் பொறுப்பை வகித்தார். ஞாயிறு ஆராதனைகளுக்காக அவர் எழுதியவை உட்பட சுமார் 200 கான்டாட்டாக்கள் (குரலும் கருவியிசையும் இணைந்த படைப்புகள்) இன்றும் உள்ளன.

பாக் மறைந்தபின் அவருடைய பெரிய தேவாலயப் படைப்புகளைப் பொதுமக்கள் பெரும்பாலும் மறந்துபோனார்கள். 1829இல் அவற்றுள் ஒன்றான 'மத்தேயு பாடுகள்' பெர்லினில் மீண்டும் ஒலித்தது. அதை நடத்திய இசையமைப்பாளர் மெண்டல்சோனுக்கும் அப்போது வயது 20தான்.