பழைய ஹெரால்டுக்குப் பாகம் வாங்கப் போகிறீர்களா?

நம் சங்க அன்பர்களில் சிலர் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்னும் நிற்கிறது. தந்தையார் வாங்கிய வண்டி. விற்க மனம் வருவதில்லை. பழைய கார்களில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்தவர்கள், தம்பானூரில் என்னைக் காணும்போதெல்லாம், "சஸ்பென்ஷன் பாகம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். எங்கே என்பதைவிட, எதை வாங்குவது என்பதே முக்கியம்.

ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரானது. அதன் முன்புற சஸ்பென்ஷன் அமைப்பைத்தான், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பின்பற்றியது. லோட்டஸ் எலான் காரின் முன்சக்கரத்தைத் தாங்குவதும் டிரையம்ப் குடும்பத்துப் பாகமே. ஆகவே நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் அத்தகைய கார் வைத்திருந்தால், அவர்களுக்கும் இது பயன்படும்.

முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டுக்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். அதன் கீழ்முனையில் மரை உண்டு. அந்த மரை, டிரன்னியன் என்னும் வெண்கலப் பாகத்துக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் போதெல்லாம் இந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. இதற்கு கிரீஸ் போதாது. தொண்ணூறாம் எண் கியர் ஆயில் விட வேண்டும். ஆயில் வற்றி, நீர் புகுந்தால் மரை துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். மழைவெள்ளம் தேங்குவதற்குப் பேர்போன தம்பானூரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடிகால்களைச் சீராக்க 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' திட்டம் வந்ததை அன்பர்கள் அறிவார்கள். தண்ணீரில் வண்டி ஓட்ட நேர்ந்தால், அடுத்த வாரமே ஆயிலைப் புதுப்பித்துவிடுங்கள்.

பிற்பகலில் மெயில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அங்கே புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு கடையில் "ஜோடி" என்று எடுத்து வைத்த இரண்டு தண்டுகளும் ஒரே பக்கத்தவை. வலச்சக்கரத்துக்கு வலமரை, இடச்சக்கரத்துக்கு இடமரை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி வலம், இடம் கணக்கிடுக. தண்டை நிமிர்த்திப் பிடித்து மரையைப் பாருங்கள்: கோடுகள் வலப்புறம் நோக்கி ஏறினால் வலமரை, இடப்புறம் ஏறினால் இடமரை. டிரன்னியனையும் அந்தந்தப் பக்கத்துக்கே வாங்க வேண்டும்.

அடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி மரையின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் விலை பேசவே வேண்டாம். பளபளவென்று பெயிண்ட் அடித்ததையும் நம்பவேண்டாம். பெயிண்டைச் சுரண்டிய பின், சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பின்புறத்தில் குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங். 1972 முதல் 1977 வரை வந்த ஸ்டாண்டர்டு கெசல் வெளித்தோற்றத்தில் ஹெரால்டின் உறவே ஆயினும், அதன் பின்புற ஆக்சில் வேறு வகை. அதனைக் கழற்றி ஹெரால்டில் மாட்ட இயலாது. ஸ்பிட்ஃபயரிலும் 1970-க்குப் பிந்தைய வண்டிகளின் ஸ்பிரிங் அமைப்பு மாறிவிட்டது. ஆகவே பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், தகடுகளை எண்ணி, அளந்து ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

மேல், கீழ்க் கைகளைப் பழையதாக வாங்கலாம். வளைவும் விரிசலும் இல்லாதிருந்தால் போதும். ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், டிரன்னியன் ஆகியவற்றைப் புதியதாகவே வாங்குங்கள். இவற்றில் மிச்சம் பிடிக்கும் பணம், சக்கரம் மடங்கும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. அந்த வண்டியில் உங்கள் மனைவி மக்களும் அல்லவா அமர்ந்து வருகிறார்கள்!