கங்காணியின் காதுபடப் பாடியவர்கள்

ரோமாபுரிக் கவிஞர் யுவெனால் தன் முதல் அங்கதக் கவிதையின் கடைசியில் ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார். உயிரோடிருக்கும் பெரிய மனிதர்களைத் தொட்டால் தலை தப்பாது; பிளமினிய வீதியோரத்திலும் லத்தீன் வீதியோரத்திலும் சாம்பலாகிக் கிடப்பவர்களைத்தான் பாடப்போகிறேன் என்கிறார். அவர் எழுதிய 16 கவிதைகளை உலகம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாகப் பாதுகாத்து வருகிறது.

இலங்கையின் அப்புத்தளை மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை. அவர்கள் பாடிய கங்காணி, அதாவது அவர்களை வேலைவாங்கிய மேற்பார்வையாளர், செத்தவரல்ல. நிரைக்குப் பின்னால் கம்போடு நின்றவர். அவருடைய கோட்டையும் தலைப்பாகையையும், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) விரட்டும் அதட்டலையும், தராசில் கொழுந்தின் நிறையைக் குறைத்துச் சொல்லும் கணக்கப்பிள்ளையின் சாமர்த்தியத்தையும், பங்களாவில் தோட்டத் தொரை நடத்தும் வாழ்க்கையையும் அவர்கள் பாட்டாக்கினார்கள். நாள் முழுக்க மலையில் நின்றும் நிறை குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். அந்தத் தண்டனையைக் கையில் வைத்திருந்தவரை, அவர் காதுபடவே பாடினார்கள். இதை அங்கதம் என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

ஆனால் நாம் அப்படிச் சொல்வதில்லை. மலையகப் பாடல் என்றாலே சோகம், கண்ணீர், ஒப்பாரி. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த 2023ஆம் ஆண்டிலும் மேடைகளில் இந்தப் பாடல்களுக்குப் பெரும்பாலும் அழுகுரல்தான் வாய்த்தது. என் கவலையெல்லாம் இதுதான். அதிகாரத்தை எள்ளிய ஒரு சனத்தை, அழ மட்டுமே தெரிந்த சனமாக நாமே எழுதிவைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னப் பக்கம் ஒரு லயத்து (தோட்ட வரிசைவீட்டு) வாசலில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டி எனக்கொரு கங்காணிப் பாட்டைப் பாடிக்காட்டினார். மெட்டு தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் போனது. காதால் மட்டும் கேட்டிருந்தால் நானும் சோகப்பாட்டு என்றுதான் குறித்திருப்பேன். ஆனால் கங்காணி வரும் அடியில் பாட்டியின் தாடை மேலே ஏறியது, தோள் பின்னால் போனது, இல்லாத மீசையை விரல் முறுக்கியது. பக்கத்தில் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அழுவுற மாதிரிப் பாடுனாத்தான் தம்பி வுடுவாரு. சிரிச்சா அரைப்பேரு போட்டுருவாரு" என்றார் பாட்டி.

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், வசையை மறைத்துச் சொல்வது இன்னொன்று. மலையில் பாடப்பட்டது அந்த இரண்டாவது வகையின் உச்சம். வசையை ஒளித்துவைத்த இடம் சொல் அல்ல, மெட்டும் முகமும். தாளில் ஏற்றியதும் அவை இரண்டும் போய்விடுகின்றன. மிஞ்சுவது புலம்பல். பிறகு சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ கொண்டுபோகிறவர் அந்தப் புலம்பலைத்தானே மொழிபெயர்ப்பார்?

ரோமானியர்களுக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளர்களைப் பாருங்கள். 1693இல் யுவெனாலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கவிஞர் டிரைடன், அந்தக் கவிஞர் இங்கிலாந்தில் வாழ்ந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படிப் பேசவைக்க முயன்றதாகச் சொன்னார். 1738இல் சாமுவேல் ஜோன்சன் இன்னும் ஒரு படி போய், ரோமைத் திட்டிய கவிதையை லண்டனைத் திட்டுவதாகவே மாற்றி எழுதினார். மூல வரிகளையும் பக்கத்தின் அடியில் அச்சிடச் செய்தார். காலமும் ஊரும் மாறின, கோபம் மட்டும் சூடு ஆறவில்லை. யுவெனாலின் ஐந்தாவது கவிதையில், விருந்து வைக்கும் பணக்காரன் வெண்மையான ரொட்டியைத் தின்ன, அண்டிப் பிழைப்பவனுக்குப் பூசணம் பூத்த ரொட்டி வருகிறது. அங்கே யார் யார், எது எதைக் குறிக்கிறது என்று சொல்லப் பழைய உரைக்குறிப்புகளே இருக்கின்றன.

நம் பாட்டுகளுக்கு அந்த உரை எங்கே? 'துண்டு' முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. தொழிலாளியின் கடனை எழுதி ஆளையே கைமாற்றிய அந்தக் காகிதம் பாட்டில் வந்தால், இன்று அப்புத்தளைப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு யார் விளக்குவார்?

இந்தப் பாட்டுகளைக் காக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடி, அந்தப் பாடல்களை 1940இல் அச்சிலும் கொண்டுவந்தார். சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கினார். அவர் லயம் லயமாகத் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் தொகுப்பாக வந்தது. எழுத்தாளர் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியம் பற்றித் தனி நூலே எழுதினார். இவர்கள் செய்திராவிட்டால் இன்று பேசவே ஒன்றும் இருந்திராது.

தாலாட்டும் ஒப்பாரியும் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் எள்ளல் என்று கொள்ள முடியாது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் ஒப்பாரியைத் தேடிப்போனவர்கள் நிறையப் பேர். எள்ளலைத் தேடிப்போனவர்கள் குறைவு.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அதன்படி போனவர்களில் பலர் தமிழ்நாட்டின் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். பாட்டும் அவர்களோடு போயிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, அப்புத்தளையிலிருந்து அதிக தூரமில்லாத மீரியபெத்தையில், மண்சரிவு லயங்களை மனிதரோடு சேர்த்து மூடியது. அந்த லயங்களில் என்னென்ன பாடினார்கள் என்று இனி யாரிடம் கேட்பது? இருக்கும் தோட்டங்களிலோ பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். பாட்டு தெரிந்த வாய்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டன.

வாசகர்களே, உங்கள் வீட்டில் பெரட்டுக்குப் போன அம்மாயியோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே அவர் பாடுவதைக் கைத்தொலைபேசியில் படமாகப் பிடியுங்கள். குரலை மட்டும் எடுத்தால் போதாது, முகம் தெரிய வேண்டும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பாட்டில் வரும் கங்காணி யார், எதற்காக அவர்மேல் கோபம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். மொழிபெயர்க்க யாராவது வந்தால் அந்தப் படத்தை முதலில் காட்டுங்கள், எழுத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.