மின்சாரம் பாடிய காலம் – 14: ஒரு டிகிரி சூடு

1967 ஜூனில் மாண்டரே இசைவிழாவில் பால் பீவரும் பெர்னி கிரௌஸும் மோக் சிந்தசைசரைக் கடைபரப்பியதும், அந்த ஆண்டு முடிவதற்குள் டோர்ஸ், மங்கீஸ் இசைத்தட்டுகளில் அது நுழைந்ததும் நினைவிருக்கும். அடுத்து ம்யூனிக் போகவேண்டும். அதற்கு முன் ஒரு டிகிரி வெப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ராபர்ட் மோக் வைத்த விதி எளிமையானது. ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். பக்கத்துக் கட்டைக்குப் போனால் ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஸ்தாயி ஏறுவது என்றால் அதிர்வெண் இரட்டிப்பாவது: 110, 220, 440, 880. கட்டையிலிருந்து வருவது கூட்டல், காதுக்கு வேண்டியது பெருக்கல். இந்த மாற்றத்தைச் செய்துகொடுப்பது ஒரு டிரான்சிஸ்டர். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால், அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடும். அப்படியானால் அங்கே அரை ஸ்வரத்தின் அளவு வெறும் ஒன்றரை மில்லிவோல்ட். சிலிக்கானின் குணமோ, ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால், ஒரே ஒரு டிகிரி சூடு சுருதியை அரை ஸ்வரத்துக்கும் மேல் தள்ளிவிடும்!

இதைப் படித்த பிறகு அந்தக் காலத்து இசைத்தட்டு எதைக் கேட்டாலும் எனக்கு அறையின் வெக்கைதான் முதலில் தோன்றுகிறது. மின்சாரம் போட்டதும் பெட்டி சூடேறும். விளக்குகள் எரியும், ஆட்கள் வருவார்கள், கதவு திறக்கும், மூடும். ஒவ்வொன்றுக்கும் சுருதி அசையும். பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றின் நகர்வை இன்னொன்று ஈடுகட்டும்படி இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்த்தார்கள். அப்படியும் ஸ்தாயிகளுக்கு இடையிலான தூரம் டிகிரிக்கு 0.3 சதவீதம் அளவில் சுருங்கும். உள்ளேயே ஒரு சூடேற்றியை வைத்து, அறை எப்படி இருந்தாலும் தன்னை ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளும் சில்லுகளும் வந்தன. இன்றைய கணினி சிந்தசைசர்களில் சுருதி அசைவதே இல்லை. ஆனால் பழைய நிறம் வேண்டும் என்பதற்காக, அந்த அசைவைச் செயற்கையாகக் கூட்டிக்கொள்ள ஒரு திருகையே வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டுதான் வெண்டி கார்லோஸ் 1968இல் ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ தட்டை முடித்தார். பாக்கின் இசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் பின்னிப் போகும். மோக்கிலோ ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். அதனால் ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்து, தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய 8 தட ஒலிப்பதிவுக் கருவியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். சில ஸ்வரங்கள் வாசிப்பார், நிறுத்துவார், சுருதி பார்ப்பார், மறுபடி வாசிப்பார். மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தின் நடுவே ஒவ்வொரு முத்தாய்ப்புக்கும் கல்லை எடுத்துத் தட்டிச் சுருதி சேர்த்தால் எப்படி இருக்கும்? மாதக்கணக்கில் அப்படித்தான் வேலை நடந்தது.

அதே தட்டில் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவும் உண்டு. அதன் இரண்டாம் பகுதிக்கு பாக் எழுதிவைத்தது இரண்டே இரண்டு கார்டுகள். இடையில் என்ன வாசிப்பது என்பதைக் கலைஞரிடமே விட்டுவிட்டார். வெறும் இரண்டு கார்டுகளோடு கடந்துபோகிறவர்கள் உண்டு. கார்லோஸ் அந்த இடத்துக்குச் சொந்தமாக ஒரு பகுதியையே படைத்தார். பாக்கை அச்சுப்பிசகாமல் நகலெடுத்தார் என்று சொல்கிறவர்கள் அதை ஒருமுறை கேட்கவேண்டும்.

செவ்வியல் இசைத்தட்டு ஒன்று பில்போர்டின் பொதுவான ஆல்பம் பட்டியலில் 10ஆம் இடம்வரை ஏறியது. 1970இல் மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. பின்னாலேயே மோக்கை வைத்து அவசரமாகச் செய்த தட்டுகள் வரிசைகட்டின. அவற்றில் பெரும்பாலானவை இன்று நினைவில் இல்லை. கருவி அதேதான். அது கட்டாயப்படுத்திய நிறுத்தங்களில் கார்லோஸ் அடுத்த சொற்றொடரை யோசித்தார், அதன் நிறத்தை மாற்றினார். மற்றவர்கள் புது ஒலி கிடைத்ததே போதும் என்று நின்றுவிட்டார்கள். இதுதான் என் தீர்மானம்.

1969 ஆகஸ்டில், லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவின் 43ஆம் எண் அறையில் ஜார்ஜ் ஹாரிசனின் மோக் நின்றது. அங்கிருந்து கேபிள் இழுத்து ‘அபே ரோட்’ பாடல்களில் சேர்த்தார்கள். வயர்களைச் செருகி ஒலியை அமைக்க மைக் விக்கர்ஸ் உதவினார். ‘மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹாமர்’ பாடலுக்குப் பால் மெக்கார்ட்னி கட்டைகளை விட்டுவிட்டு, விரலால் வழுக்கி வாசிக்கும் நாடாப் பட்டையை எடுத்துக்கொண்டார். அதில் ஸ்வரத்தின் இடத்தைக் காதுதான் தேடிப் பிடிக்கவேண்டும். சுருதி அசையும் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்பு முறை இருந்திருக்க முடியாது.

ஹாரிசனுக்கு இந்தக் கருவியை அறிமுகப்படுத்திய பெர்னி கிரௌஸ் என்ன ஆனார் என்பதையும் சொல்லவேண்டும். பீவரோடு சேர்ந்து 1970இல் வெளியிட்ட ‘இன் எ வைல்ட் சாங்க்சுவரி’க்காகக் காட்டு ஒலிகளைப் பதிவுசெய்யப் போனார். அந்த ஒலிகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பிற்பாடு பறவை, பூச்சி, தவளை, மழை என்று உலகத்தின் காடுகளைப் பதிவுசெய்வதே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. அவருக்குத் தனியாக ஒரு அத்தியாயம் எழுதத்தான் போகிறேன்.

ம்யூனிக் அடுத்த வாரம். அரபெல்லா கட்டடத்தின் நிலவறையில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ, எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருக்குச் சொந்தமான பெரிய மோக், 1977இல் வெளிவந்த டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’. அங்கேயும் இதே சூடு, இதே சுருதித் தொல்லை. சில விநாடிகள் ஓடியதும் நிறுத்திச் சுருதி சேர்த்துத் தொடரவேண்டியிருந்தது. அப்படித் துண்டு துண்டாகப் பதிந்தும் தாளம் இம்மியும் பிசகவில்லை. டேப்பின் ஒரு தடத்தை அதற்காகவே ஒதுக்கி ராபி வெடல் செய்த வேலையிலிருந்து தொடங்குவோம்.