பலேர்மோவில் வீட்டு பியரும் கரியமில வாயுவும்

வீட்டில் காய்ச்சிய பியர் சப்பென்று இருந்தால் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டுவதும், நுரையாகவே பொங்கினால் குறைப்பதும், இரண்டும் பலிக்காவிட்டால் பியர் அடைத்த உலோகக் கலனான கெக்கையே தூக்கிக் குலுக்குவதுமாக, காரணத்தை விசாரிக்காமல் ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கோளாறு பெரும்பாலும் உஷ்ணத்தில் இருக்கிறது. 4 டிகிரிக் குளிரில் 0.8 பார் அழுத்தமே போதுமென்றால், அதே பியர் 25 டிகிரியில் கிடக்கும்போது ஏறக்குறைய 2 பார் வேண்டும். ஆகையால் சிரோக்கோ என்னும் வெப்பக் காற்று வீசும் பலேர்மோக் கோடையில், கெக்கைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டு வாயுவைக் குறைகூறுவதில் அர்த்தமில்லை.

குளிர் சரியாயிருந்தும், ஒரு வாரம் கழிந்தும் வாயு ஏறாவிட்டால், கசிவு என்றே சந்தேகிக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்திலும் இணைப்புகளிலும் ரெகுலேட்டர் மரையிலும் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது அற்ப செலவு. நுரை மிகுந்தால் வாயுக் குழாயைக் கழற்றி, மூடியிலுள்ள வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து அழுத்தத்தை இறக்கி, பின்னர் ஊற்றும் குழாய் மிகக் குட்டையாயிருக்கிறதா என்று பார்க்கலாம்.

கசிவைப் பண நஷ்டமாக மட்டும் எண்ணுவதே பெரிய அஜாக்கிரதை. நிறமும் வாசனையுமற்ற இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பல்லாரோச் சந்தையை அடுத்து, நம் ஈழத் தமிழரும் குடியிருக்கும் பழைய கட்டடங்களின் ஜன்னலற்ற தரைத்தள அறையில் கசிந்தால், தரையோடு தேங்கும். காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கானால் சில நிமிஷங்களில் மனிதன் நினைவிழப்பான். தலைவலியும் மூச்சிரைப்பும் கண்டவுடன் வெளியேறி 112ஐ அழையுங்கள். விழுந்தவரைத் தூக்க உள்ளே ஓடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், உள்ளே ஓடாதீர்கள், தீயணைப்புப் படையினர் வரட்டும்.

வாயு சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியையும் படியுங்கள். பத்தாண்டு கடந்திருந்தால், மறு சோதனை முடியாமல் நிரப்பக்கூடாது. 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் நிலைக்காது, அழுத்தம் வேகமாக ஏறும். வெயிலடிக்கும் பால்கனியிலும் பூட்டிய காரிலும் வைக்காதீர்கள். அழுத்தமானி காலியாகும் தறுவாய்வரை ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுவதால், மீதத்தை எடைபோட்டே அறியவேண்டும்.

சட்டத்தைப் பற்றிய பயமும் அசட்டையும் இரண்டுமே மிகை. இத்தாலியின் 1995ஆம் ஆண்டு 504ஆம் எண் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தனி மனிதர் காய்ச்சித் தாமும் குடும்பத்தாரும் விருந்தினரும் பருகும் பியருக்குக் கலால் வரியை விலக்குகிறது. விற்பனை கூடாது என்பதே நிபந்தனை. சங்க விழாவில் குவளைக்கு ‘நன்கொடை’ வாங்குவோர், பெயரை மாற்றினால் சட்டமும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். விற்க விரும்புவோர், முதல் குவளைக்கு முன்பே, சுங்கத் துறையின் பலேர்மோ அலுவலகத்தில், பிரிவின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டுபோய், உரிமம் பற்றிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.