பன்னியின் புல்லும் எருமையும்

இருட்டத் தொடங்கியதும் பன்னி எருமைகள் மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். பின்னால் கோல் பிடித்து யாரும் போவதில்லை. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் பால் கறக்கும் நேரத்துக்குத் தாமாகவே வீடு திரும்பும். 2010இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டவை இவை. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், உப்புப் பாலையான ரண்ணை ஒட்டிச் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது பன்னி புல்வெளி. இங்கே மந்தை வளர்த்து வாழ்பவர்கள் மால்தாரிகள்.

அந்தப் புல்லை நம்பித்தான் ஓநாயும் பாலைவன நரியும் முள்வால் பல்லியும் வாழ்கின்றன. குளிர்காலத்தில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்குகின்றன. வறண்ட நிலத்தில் ஆடுமாடு நுழைந்தால் எல்லாம் அழியும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் புல்லின் வளர்முனை தரையோடு தரையாக இருக்கிறது. மேலே கடித்தாலும் மீண்டும் துளிர்க்கும். கடிக்க ஆளில்லாவிட்டால் காய்ந்த தாள் மூடி, புதுத் துளிருக்கு வெளிச்சம் கிடைக்காது. கேடு வருவது மந்தை ஒரே இடத்தில் முடங்கும்போதுதான். மழை பொய்த்த ஆண்டுகளில் மால்தாரிகள் மந்தையோடு வேறு ஊர்களுக்குப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில் புல் தேறிக்கொள்ளும்.

பன்னியை உண்மையில் விழுங்கியது மரம். ரண்ணின் உப்பு பரவாமல் தடுக்க 1960களில் வனத்துறை நட்ட சீமைக் கருவேலம், இன்று புல்வெளியின் பெரும்பகுதியை அடைத்து நிற்கிறது. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்த மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இனிப்பான நெற்றை மாடுகள் தின்கின்றன. கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, அந்த எருவிலேயே முளைக்கிறது. நெற்று தின்ற காங்கிரேஜ் இன மாடுகள் நோயுற்றதால் பலர் எருமைக்கு மாறினார்கள். வெட்டிக் கரிமூட்டம் போட்டாலும் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். வேரோடு பெயர்த்த இடங்களில்தான் புல் திரும்பியிருக்கிறது. அரசுப் பதிவேட்டில் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவிட்டு, அதில் மரம் நடுவதைப் பசுமை என்று கொண்டாடும் வழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும்.

இப்போது புல்வெளியை உழுது வேலி போடுகிறவர்கள் அடுத்த நெருக்கடி. மால்தாரிகளின் சங்கம் தொடுத்த வழக்கில், ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2021இல் உத்தரவிட்டது. வன உரிமைச் சட்டப்படி மால்தாரிகள் கேட்பது ஆளுக்கொரு துண்டு நிலம் அல்ல. பன்னி முழுவதும் எல்லாருடைய மந்தைக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.