நகரத்து முதல் மழைநீரைப் பாசனத்துக்கு விடலாமா?

கோடை முடிந்து முதல் மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால், மடையைத் திறக்கக் கை துடிக்கும். ஆனால் உங்கள் ஊர் ஒரு நகரத்துக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்தால் அந்த முதல் தண்ணீரை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

மழை இல்லாத மாதங்களில் நகரத் தெருக்களில் வண்டி எண்ணெய், டயர் தூசி, குப்பை, கால்நடைக் கழிவு எல்லாம் படிந்து கிடக்கும். சாக்கடைகளில் சோப்பு நீரும் வீட்டுக் கழிவும் தேங்கியிருக்கும். முதல் மழை இவை அத்தனையையும் அலசிக்கொண்டு ஆற்றுக்கு வரும். மழை தொடரத் தொடர அழுக்கு குறையும். பல நகரங்களில் மழைநீர் வடிகாலில் சாக்கடையும் கலப்பதால், அடுத்தடுத்த மழைநீரும் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த நிலங்களும் கிணறுகளும் உப்பேறின. 2011-ல் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஆலைக்கழிவின் கதை. நகரத்து மழைநீர் அவ்வளவு வேகமாகக் கெடுக்காது. ஆனால் பாடம் ஒன்றுதான்: உப்பு நிலத்துக்குள் இறங்க நாளாகாது, வெளியேற்றப் பல ஆண்டுகள் ஆகும்.

வயலில் செய்ய வேண்டியவை

1. கறுப்பு நிறம், நுரை, எண்ணெய்ப் படலம், சாக்கடை வாடை இருந்தால் மடையை மூடி வையுங்கள். அவை அடங்கிய பிறகு விடுங்கள். குளத்து மதகைத் தனியாகத் திறக்கவோ அடைக்கவோ வேண்டாம். பாசன சங்கம் வழியாக நீர்வளத்துறையிடம் கேளுங்கள்.

2. தண்ணீர் நுழையும் இடத்தில் சிறு வண்டல் குழி வெட்டுங்கள். குழிக்கும் வயலுக்கும் இடையே வெட்டிவேர் அல்லது புல் வரிசை வையுங்கள். மண்ணும் அதில் ஒட்டிவரும் அழுக்கும் ஓரளவு அங்கேயே தங்கும். கரைந்த உப்பை இது தடுக்காது.

3. கிணறு நிரம்ப வேண்டும் என்று சாலையோரத் தண்ணீரை நேராகக் கிணற்றில் விடாதீர்கள். அது கிணற்றை நிரப்பாது, கெடுக்கும். உங்கள் வயலில் விழும் மழைநீரை மட்டும் கூழாங்கல், ஜல்லி, மணல் நிரப்பிய வடிகட்டும் தொட்டி வழியாக விடுங்கள்.

4. இந்தத் தண்ணீர் பாயும் வயலில் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்றவற்றைப் பயிரிட வேண்டாம். வேலை செய்யும்போது பூட்ஸ் போடுங்கள். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் இப்படியும் வரும்.

5. நகரத்துச் சாக்கடை சேரும் குளத்திலிருந்து வண்டல் மண் அள்ளுவதற்கு முன், ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த உலோகங்கள் மட்கி மறைபவை அல்ல. சாதாரண மண் பரிசோதனையில் இவை தெரியாது என்பதால் தனியாகக் கேட்க வேண்டும்.

தண்ணீர் பரிசோதனை

ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றும் எடுங்கள். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பின் நிரப்புங்கள். அன்றே வேளாண்மைத் துறை ஆய்வகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள்.

அறிக்கையில் மின்கடத்துத்திறனைப் பாருங்கள். 0.75 டெசி சைமன் வரை பெரும்பாலான பயிர்களுக்குப் பிரச்சினை இல்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் வடிகால் வசதி வேண்டும், பீன்ஸ், வெங்காயம் போன்றவை பாதிக்கப்படும். 2.25-க்கு மேல் போனால் பருத்தி போன்ற உப்பைத் தாங்கும் பயிருக்கு மாறுவது நல்லது. எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் இருந்தால் ஜிப்சம் தேவைப்படும். அளவை அறிக்கை பார்த்தே முடிவு செய்யுங்கள். பூப்பதற்கு முன் மடக்கி உழும் தக்கைப்பூண்டு, மண் இறுகாமல் காக்கும்.

நாமும் செய்ய வேண்டியது

மழை வரும் அன்று யூரியா போடாதீர்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். எருக்குழியை ஓடைக்கரையில் வைக்காதீர்கள்.

நாம் மடையை மூடினால் அந்தத் தண்ணீர் நமக்குக் கீழே இருப்பவர் வயலுக்குத்தான் போகும். எனவே மழைநீர் வடிகாலில் சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையை, மார்ச் 22 அல்லது மே 1 கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். கையில் தண்ணீர் பரிசோதனை அறிக்கை இருந்தால், அந்தத் தீர்மானத்துக்கு எடை கூடும்.